மயில்கழுத்து நீலத்தில் முப்பது ஜாடிகள்

நவம்பர் 4, செவ்வாய்
மூட்டம். காற்றில் ஈரம்.

ஷூ கம்பெனியை விட்டு வரும்போது நான் எடுத்துவந்த சொத்து இந்த ரிஜிஸ்டர் ஒன்றுதான். கலர் பிரிவில் தினமும் நடப்பதை எழுதிவைக்கும் நோட்டு. கம்ப்யூட்டர் வந்தபிறகு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. பாதிக்குமேல் வெள்ளைத்தாள். எழுதிய முன்பக்கங்களைச் சேர்த்துப் பெரிய கிளிப் ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

பத்தொன்பது வருஷம் ஆம்பூரில் தோலுக்குச் சாயம் அடித்தவள் நான். அதில் பதினோரு வருஷம் சூப்பர்வைசர். இரண்டு கறுப்புத் தோலைக் காட்டினால் எது எந்த லாட் என்று சொல்லுவேன். மேனேஜரோடு ஷேட் விஷயத்தில் தகராறு வந்தது, விட்டுவிட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்ன பதில்தான், இங்கேயும் எழுதிவிட்டேன்.

வீட்டுக்காரர் ஏழுமலைக்குக் கடைசல் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மெஷின். இதுவரை கட்டில் கால், தொட்டில் கம்பு. இப்போது பூச்சாடி. சென்னையில் கடை வைத்திருக்கும் மைதிலி மேடம் முப்பது ஜாடி கேட்டிருக்கிறார். முப்பதும் ஒரே நிறம், மயில்கழுத்து நீலம், இருபத்தெட்டாம் தேதிக்குள். பிடித்துப்போனால் மாதாமாதம் முப்பது. பிடிக்காவிட்டால் ஏழுமலை ஓசூரில் ஃபர்னிச்சர் கம்பெனிக்குப் போய் ரூம் எடுத்துத் தங்க வேண்டும். நான் மறுபடியும் அந்த ஷூ கம்பெனி கேட்டில் போய் நிற்க வேண்டும். திரும்ப வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேட்டுக்குள் நான் போக மாட்டேன். அதற்காக இந்த முப்பது ஜாடியும் சரியாக வந்தே ஆக வேண்டும்.

ரிஜிஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பு படிக்கத் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, அதன் கீழ் கையெழுத்து. இங்கேயும் அதே சட்டம்தான்.

நவம்பர் 5, புதன்
தூறல்.

வெப்பாலை மரம் வெள்ளையாக இருக்கிறது, சாயத்தை நன்றாகக் காட்டும் என்று நினைத்தேன். தண்ணீரில் கரைத்துத் தடவியதும் மரம் முழுக்கப் பூனைமயிர் எழும்பிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மயிரோடு நிறமும் போகிறது. வளைவில் ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கறுப்பு. நரம்பு குறுக்கே வெட்டுப்பட்ட இடம் அதிகமாகக் குடிக்கும் என்றார் ஏழுமலை. தோல் அப்படிச் செய்யாதே என்றேன். மரம் தோல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய கண்டுபிடிப்பு.

நவம்பர் 7, வெள்ளி

பன்னிரண்டு துண்டில் சோதனை. பன்னிரண்டும் அடுப்புக்கு.

நவம்பர் 9, ஞாயிறு
மழை.

கஜேந்திரன் வந்தான். கம்பெனியில் என் கீழ் வேலை செய்தவன், இப்போது ஸ்டோரில் இருக்கிறான். ஒரு கேன் கொண்டுவந்தான். பழைய தின்னர். மூடியைத் திறந்ததும் பாதாமும் பாலிஷும் கலந்த அந்த வாசனை. எங்கள் ஸ்ப்ரே ரூம் வாசனை. இதில் கரைத்தால் மயிர் எழும்பாது, சாயம் ஆழமாக இறங்கும், திட்டு விழாது. எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

கம்பெனியில் இதை இப்போது வாங்குவதில்லையாம். மூலையில் கிடந்ததைத்தான் எடுத்துவந்திருக்கிறான்.

“அந்தப் பொண்ணு விஷயத்துக்கு அப்பால நிறுத்திட்டாங்க மேடம். நீங்க ஃபேன் போட்டுக்கினு பண்ணுங்க. கையுறை மறந்துடாதீங்க” என்றான்.

காபி கொடுத்து அனுப்பினேன். எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்
நல்ல மழை.

வந்துவிட்டது! மயிலின் கழுத்தில் வெயில் பட்டால் வருமே, அதே நீலம். வயிற்றுப் பக்கம், கழுத்துப் பக்கம், வாய் விளிம்பு, எங்கேயும் திட்டு இல்லை. ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார். அவர் ஆட்டினால் பெரிய விஷயம்.

கையுறை போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. மரம் எவ்வளவு குடித்தது என்று விரல்நுனிக்குத்தான் தெரியும். வெறுங்கையில் துணிப்பந்தை வைத்துத்தான் தேய்க்கிறேன். ஃபேன் போட்டால் தூசி ஒட்டுகிறது. ஜன்னல் திறந்தால் ஈரக்காற்று பட்டு நீலத்தின்மேல் வெள்ளை பூத்துவிடுகிறது. அதனால் பின்னறையை இழுத்துச் சாத்திவிட்டேன். சின்ன அறைதான், எனக்குப் போதும்.

நவம்பர் 12, புதன்

எட்டு முடிந்தது. காலையிலிருந்து தலைவலி. இரண்டு மாத்திரை. காபியைக் குறைக்க வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. துணி துவைத்தேன், பாதியில் விட்டுவிட்டு ஜாடியைப் பார்க்க ஓடினேன். காய்ந்ததா என்று ஒரு மணிக்குள் ஆறு தடவை பார்த்திருப்பேன். அது என்ன, ஓடிப்போகவா போகிறது?

நவம்பர் 14, வெள்ளி
மழை விட்டு விட்டு.

அவருக்கு வாசனை ஒத்துக்கொள்ளவில்லையாம். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். பத்தொன்பது வருஷம் அந்த வாசனையில்தான் டிபன் பாக்ஸைத் திறந்தேன் என்று கத்தினேன். மெஷினைப் போட்டுவிட்டார், அதுதான் அவர் பதில்.

துணி உலர்த்த மாடிக்குப் போனேன். ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு பிடிக்கவில்லை. நாற்பத்துநாலு வயசு, இனிமேல் இப்படித்தான் போலிருக்கிறது.

முடிந்தவை: பதினாறு என்று எழுதினேன். எண்ணிப் பார்த்துக் கோடு போட்டேன். பதினாலு. — அமுலு.

நவம்பர் 15, சனி

நகத்தில் நீலம் ஏறிவிட்டது. எலுமிச்சம் தோலும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தேன். விரல்தோலில் இருந்தது போயிற்று, நகத்தில் இருப்பது போகவில்லை. கம்பெனியில் எல்லாருக்கும் நான் சொல்லும் வைத்தியம் இது. சுகந்திக்கும் இதையேதான் சொன்னேன். “தேச்சுக் கழுவிட்டு வந்து லைன்ல நில்லு” என்றேன்.

சுகந்தி, ஸ்ப்ரே ரூமில் இருந்தவள். இப்போது எதற்கு அவள் பேச்சு. மரக்கடை ஆள் மரம் கொண்டுவந்திருக்கிறான்.

நவம்பர் 17, திங்கள்
விடாத மழை. கரண்ட் இல்லை.

நேற்றும் இன்றும் சாயவேலை இல்லை. மழையில் எதுவும் காயாது. ஆனாலும் பின்னறையில்தான் இருந்தேன், ஜாடிகளை வரிசை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. நகம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு நாள் கழுவினால் கொஞ்சமாவது வெளுக்க வேண்டும்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் கண்ணாடி பார்த்தேன். உதடு சாம்பல் நிறம். டியூப்லைட் கிழடாகிவிட்டது. கிழட்டு டியூப்லைட்டில் ஷேட் பார்க்கக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாற்றச் சொன்னேன். மாற்றினார்.

புது லைட்டிலும் அப்படித்தான் தெரிகிறது. மட்டமான கம்பெனி லைட்டாக இருக்கும்.

நவம்பர் 19, புதன்

இருபத்திரண்டு. மைதிலி மேடத்துக்குப் போட்டோ அனுப்பினேன். இவ்வளவு அழகான நீலத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். மூன்று தடவை படித்தேன். அழுகை வந்தது. எனக்கு அவ்வளவு லேசில் வராது. இன்னும் எட்டுதான்.

நவம்பர் 22, சனி
வேலூர், ஆஸ்பத்திரி வார்டு.

ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னேன். இப்போதாவது உள்ளதை எழுத வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் தோய்க்கிற கல்லில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருந்தேன். தலை கிறுகிறுத்தது. சாப்பிடக் கூப்பிட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அமுலு, கால எடு வெளிய” என்றார். எடுத்தேன். குனிந்து பார்த்தார். “கைய உட்ட, சரி. காலயும் சாயத்துல உட்டியா?”

“இல்லியே.”

“அப்பறம் ஏன் கால் நகம் நீலமா கீது?”

பத்துக் கால்விரலும், மெட்டிக்குக் கீழேயும், ஜாடி நிறத்தில் இல்லை, சாம்பல் கலந்த நீலம். சாயத்தில் அந்த நிறம் கிடையாது. அது சாயமில்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தேன். அதற்குமேல் ஞாபகமில்லை. பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு வந்தாராம்.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மெஷின், தொண்ணூற்றைந்துக்குமேல் காட்ட வேண்டியது, எண்பத்துநாலு காட்டியது. மூக்கில் காற்றுக்குழாய் வைத்தும் எண் ஏறவில்லை. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், ரத்தம் எடுத்தார். சிரிஞ்சில் வந்தது சிவப்பு இல்லை. நாங்கள் சாக்லேட் பிரவுன் என்று பெயர் வைத்திருக்கிறோமே, அந்த நிறம். ஒரு சீசனுக்கு எட்டாயிரம் ஜோடி அடித்த நிறம். அவரிடம் அப்படியே சொன்னேன். டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வேலை, என்ன மருந்தில் கரைப்பீர்கள் என்று கேட்டார். வாசனையைச் சொன்னதுமே புரிந்துகொண்டார். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் ரத்தத்தைக் கெடுத்துவிடுமாம். கெட்ட ரத்தம் காற்றைச் சுமக்காதாம். எவ்வளவு மூச்சு இழுத்தாலும் உடம்புக்குப் போய்ச் சேராதாம்.

மாற்று மருந்து ஏற்றினார்கள். அது நீலம். நல்ல கருநீலம். இதுவும் ஒரு சாயம்தான், பெயர் மெத்திலீன் ப்ளூ என்றார் டாக்டரம்மா. என் நிலைமையில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரத்தில் நகம் ரோஸ் நிறமாகிவிட்டது. சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். எனக்கா நிறத்தைப் பார்த்துப் பயம்.

போகும்போது டாக்டரம்மா, “நல்லவேளை, உங்க வீட்டுக்காரர் கால் நகத்தைப் பார்த்தார். சாயக்கறைன்னு விட்டிருந்தா ரெண்டு நாள் தாங்கியிருக்க மாட்டீங்க” என்றார்.

சாயக்கறைன்னு விட்டிருந்தா. அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை.

நவம்பர் 24, திங்கள்
வீடு. வெயில்.

இருபத்திரண்டு ஜாடியையும் அவர் கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் விரித்து வைத்திருந்தார். வெயிலில் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நிறங்களிலேயே நல்ல நிறம். குனிந்தால் அந்த வாசனை.

மைதிலி மேடத்துக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். மேலே இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால் வாசனை அடங்கிவிடாதா என்று கேட்டார். அடங்கும். எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் ஆசையும் வந்தது, பொய் சொல்லவில்லை. வாங்குகிறவர் அதைக் கையில் எடுப்பார், துணியால் துடைப்பார். ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தர மாட்டேன் என்றேன். சரி பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் மாதாமாதம் முப்பது இல்லை.

ஏழுமலை, மேல்தோலை மட்டும் மெஷினில் ஏற்றிச் சீவிவிடுகிறேன், உள்ளே வெள்ளை மரம்தானே என்றார். ஒவ்வொன்றும் அவர் ஒரு நாள் கடைந்தது.

“வேணாங்க. சீவனா தூளு வரும். அந்தத் தூளு உங்க மூக்குலதான் போவும்.”

அவர் தார்ப்பாயின் ஓரத்தை மடித்துவிட்டார். பிறகு, “ஓசூர் இன்னா வெளிநாடா? ஞாயித்துக்கெழம வந்துனு போறேன்” என்றார். ஜாடிகளையும் மிச்சத் தின்னரையும் டிரம்மில் போட்டு மூடிவைத்தோம். டாக்டரம்மா சொன்ன மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து வந்து எடுத்துப் போவார்களாம். கஜேந்திரனுக்கும் போன் செய்து, ஸ்டோர் மூலையில் இன்னும் இருந்தால் யாருக்கும் கொடுக்காதே என்று சொன்னேன்.

நவம்பர் 25, செவ்வாய்

கிளிப்பை எடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச் 14. என் கையெழுத்து: ‘ஸ்ப்ரே ரூம். சுகந்தி. மயக்கம். காரணம்: காலையில் சாப்பிடாமல் வந்தது. நகத்தில் சாயக்கறை.’

அப்படி எழுது என்று மேனேஜர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் லாரி கிளம்ப வேண்டியிருந்தது, டாக்டர் அது இது என்று போனால் ரூமை மூட வேண்டும், நானாக எழுதினேன். உதடும் சரியில்லை என்று கண்ணில் பட்டது. பட்டும் எழுதினேன். அடுத்த வாரமும் விழுந்தாள். அதற்கடுத்த வாரமும் விழுந்தாள். சாப்பிடாமல் வந்து மயக்கம் போடுகிற பெண் வேலைக்கு ஆகாது என்று இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் நிறுத்தினார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து நானும் வந்துவிட்டேன்.

முதல் நாள் எழுதியதற்குப் போய்க் கோடு போட்டேன். மேனேஜரோடு ஷேட் விஷயத்தில் தகராறு எதுவும் இல்லை. அந்த ரூம் கதவைத் தாண்டி நடக்க முடியவில்லை, அதனால் வந்தேன். — அமுலு, நவம்பர் 25.

நவம்பர் 27, வியாழன்

வாணியம்பாடி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சுகந்தி வீட்டுக்குப் போனேன். ரிஜிஸ்டரைப் பையில் எடுத்துக்கொண்டேன். போகிற வழியெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. உள்ளேயிருந்து அவள் அம்மா யாரது என்று கேட்டாள். சூப்பர்வைசரக்கா என்றாள் சுகந்தி.

நின்றபடியே சொன்னேன். அதே தின்னர், எனக்கும் வந்தது, கறை இல்லை, ரத்தம், நான் எழுதியது தப்பு. நினைத்து வைத்திருந்த வார்த்தை எதுவும் அந்த நேரத்தில் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தாள். ரோஸாகத்தான் இருந்தன. தன் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். வேலையை விட்டு ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிட்டதாம்.

“ஒடம்பு போனா போவுதுக்கா. நான் அன்னிக்கி சாப்ட்டுதான் வந்தேன். உங்க கிட்ட சொன்னேனே.”

சொன்னாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“எங்கம்மா நாலு மணிக்கே எழுந்து ஆக்கிப் போட்டுச்சி. பொண்ணுக்குச் சோறு போடாம வேலைக்கு அனுப்புறான்னு ஊரே பேசிச்சி. அன்னிலேர்ந்து அது யார் வூட்டு நல்லது கெட்டதுக்கும் போறதில்ல.”

இத்தனை நாள் நான் அவள் வேலையைத்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவை நினைத்ததே இல்லை.

ரிஜிஸ்டரைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். அடிச்சுப் போட்டுடுவீங்களா என்று கேட்டாள். அடிக்க மாட்டேன், என் தப்பு தெரிய வேண்டும், கோடு போட்டுப் பக்கத்தில் எழுதுவேன் என்றேன். சாட்சிக்கு நீயும் கையெழுத்துப் போடு, ஜெராக்ஸ் எடுத்து நானே கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். போக மாட்டேன் என்றிருந்த கேட்டுக்கு, நாளைக் காலை போகிறேன்.

வாசல்படியில் உட்கார்ந்து எழுதினேன். என்ன சாப்பிட்டு வந்தாய் என்று கேட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு என்றாள்.

‘திருத்தம்: சுகந்தி காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். அவள் அம்மா சமைத்தது. நகத்தில் இருந்தது கறை அல்ல. மயக்கத்துக்குக் காரணம் தின்னர். அன்று பொய்யாக எழுதியது நான்.’

“இன்னா எழுதிச்சாம்? படி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சுகந்தி சத்தமாகப் படித்தாள். பிறகு அவள் அம்மா வாசல் வரைக்கும் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தாள்.

“கத்திரிக்கா இல்ல. அன்னிக்கி கருவாட்டுக் கொழம்பு.”

கத்திரிக்காய்மேல் ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் கருவாடு என்று எழுதினேன். — அமுலு, நவம்பர் 27.